நம்பிக்கையா, அமானிதமா: ஓர் உறுதி அரபுக்குப் போனபோது

வளைகுடாவில் இருந்து ஒரு வழக்கறிஞர் அனுப்பிய கேள்வி ஒரே வரிதான். ‘இந்தப் பத்திரத்தில் யார் யாரை நம்புகிறார்கள்? அதற்கும் இந்தக் காணிக்கும் என்ன தொடர்பு?’

ஹாஜியார் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் போனில் திறந்து வைத்தபடியே மட்டக்களப்பில் என் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். கல்முனைப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல், அதற்குள் ஒன்பது பக்க உறுதியும் (காணிப் பத்திரம்) அதன் அரபுப் பிரதியும்.

“ரீச்சர், இவங்க என்ன கேக்காங்க எண்டு எனக்கு விளங்கல்ல. நான் காணிய எழுதித்தானே குடுத்திருக்கன். நம்புறதுக்கு இதுல என்ன இருக்கு?” என்றார்.

அவர் கேட்டதும் அங்கே இருந்த வழக்கறிஞர் கேட்டதும் ஒரே கேள்வி. இரண்டு பேருடைய வாசிப்பிலும் பிழை இல்லை. ‘ட்ரஸ்ட்’ என்ற ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அரபுக்குக் கொண்டுபோன இடத்தில்தான் பிழை இருந்தது. சட்டத்தில் அது, ஒரு சொத்தை வேறு ஒருவரின் பலனுக்காகச் சிலருடைய பொறுப்பில் எழுதி வைக்கும் ஏற்பாடு. அந்த ஒரு சொல்லோடு நாங்கள் மூன்று வாரம் மினக்கெட்டோம். அதை எழுதி வைத்தால் இந்தக் கரையில் அரபு, ஆங்கில, தமிழ்ப் பத்திரங்களோடு அலைகிற மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் தந்தார்கள். பெயரையும் ஊரையும் விட்டுவிடச் சொன்னார்கள், விட்டிருக்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அரபு எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் வரும். அரபு வேலை வந்தால் காத்தான்குடியில் ஒரு மௌலவியோடு சேர்ந்துதான் செய்வேன். அவர் அரபைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இந்த முறையும் அப்படித்தான்.

காணி

ஹாஜியார் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரே வீட்டில் சாரதியாக இருந்தவர். திரும்பி வந்து, கரையோரத்தில் தனக்கு இருந்த நாற்பது பேர்ச் வளவில் மூன்று அறை கட்டினார். வாப்பா இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே பின்னேர வகுப்பு நடக்க வேண்டும், அவர்களுடைய உம்மாமாருக்குத் தையல் பழக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2004 சுனாமிக்குப் பிறகு அவருடைய ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படிப் பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்தவர். “அப்ப நான் அங்க இருந்தன், ஒண்டும் செய்யேலாமப் போச்சு” என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

ஆனால் காணியை ஒரேயடியாகக் கொடுக்க அவருக்கு மனம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். ஹாஜியார் இரண்டு மகள்மாருக்கும் வீடு கொடுத்துவிட்டார். இளைய மகளின் மகளுக்கு இப்போது நாலு வயது. இந்த வளவு அவளுக்கு. ஆகவே உறுதியில் அவர் எழுதச் சொன்னது இதுதான்: இருபது வருடத்துக்குக் காணியும் கட்டடமும் ஐந்து பேரின் பொறுப்பில் இருக்கும், வருமானமும் பாவனையும் அந்தப் பிள்ளைகளுக்கு, இருபது வருடம் முடிந்ததும் வளவு பேத்திக்கு.

நொத்தாரிசு அதை ஆங்கிலத்தில், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தார். அசையாத சொத்தில் ‘ட்ரஸ்ட்’ உருவாக்குவதென்றால் நொத்தாரிசு முன்னால்தான் எழுத வேண்டும். எழுதியது நல்ல உறுதி, குறை சொல்ல எதுவும் இல்லை. ஹாஜியார் வேலை செய்த வீட்டுக்காரர் கூரைக்கும் தையல் மெஷின்களுக்கும் பணம் தர முன்வந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் உறுதியின் அரபுப் பிரதி ஒன்று கேட்டார். அங்கேதான் கதை தொடங்கியது.

முப்பத்தொரு ‘ஸிக்கா’

முதல் பிரதி ஒரு கடையில், கொம்பியூட்டரில் போட்டு எடுத்தது. ஆங்கில உறுதியில் ‘ட்ரஸ்ட்’ என்ற சொல் வந்த முப்பத்தொரு இடத்திலும் அரபில் ‘ஸிக்கா’ என்று வந்திருந்தது. ‘ஸிக்கா’ என்றால் நம்பிக்கைதான், அகராதியைத் திறந்தால் முதல் அர்த்தம் அதுவே. ஒருவர் சொல்லை, குணத்தை, திறமையை நம்புவது. தலைப்பு ‘நம்பிக்கையின் பத்திரம்’ ஆகிவிட்டது. பொறுப்பாளர்கள் ஐந்து பேரும் ‘நம்பத்தக்கவர்கள்’ ஆனார்கள், அதாவது பதவி போய் வெறும் குணம் மிஞ்சியது. மையமான வசனத்தை மௌலவி எனக்குத் தமிழில் இப்படி வாசித்துக் காட்டினார்: ‘நம்பத்தக்கவர்கள் மேற்படி காணியை நம்பிக்கையோடு பிடித்துக்கொள்வார்கள்.’

யாருக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள், என்ன கடமையோடு, எதுவரைக்கும் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் இருந்தன. அரபில் மூன்றும் உதிர்ந்துவிட்டன. வழக்கறிஞர் குழம்பியது நியாயம்.

இதற்கு மெஷினை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நாங்களும் தமிழில் இதே வேலையைத்தான் செய்திருக்கிறோம். ‘ட்ரஸ்ட்’ என்றதும் நம்பிக்கை என்று எழுதி, சட்டத்துக்கு வந்தபோது ‘பொறுப்பு’ என்று ஒன்றை ஒட்டி, ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று சமாளித்தோம். அந்த ஒட்டு நல்ல ஒட்டு. ‘பொறுப்பு’ இல்லாவிட்டால் தமிழிலும் யார் யாரை நம்புகிறார் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல்

அரபில் ‘ட்ரஸ்ட்’ ஒரு சொல்லாக இல்லை. அது உடைந்து பல வேர்களில் கிடக்கிறது. இந்தப் பகுதியில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது, எனக்கு அதிக சந்தோசம் கிடைத்ததும் இதில்தான்.

ஆளை நம்புவது ‘ஸிக்கா’. அதன் வேரில் உறுதியாகக் கட்டுவது என்ற கருத்து இருக்கிறது. அதே வேரில்தான் பத்திரத்தைக் குறிக்கும் ‘வஸீக்கா’வும் உடன்படிக்கையைக் குறிக்கும் ‘மீஸாக்’கும் பிறந்தன. எங்கள் ஊரில் காணிப் பத்திரத்தை ‘உறுதி’ என்கிறோமே, அதே எண்ணம் அங்கேயும் இருப்பதைப் பார்த்து மௌலவியும் நானும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஒருவரிடம் நம்பிக் கொடுத்து வைக்கும் பொருள் ‘அமானா’, எங்கள் பேச்சில் ‘அமானிதம்’. அதன் வேர் அ-ம-ன, பயமற்ற நிலை, பாதுகாப்பு. ‘ஈமான்’ அந்த வேர், ‘முஃமின்’ அந்த வேர், காப்புறுதியைச் சொல்லும் ‘தஃமீன்’ அந்த வேர், வங்கிக் கடனைச் சொல்லும் ‘இஃதிமான்’ அந்த வேர். நபிப்பட்டத்துக்கு முன்பே மக்கா மக்கள் நபியவர்களை ‘அல்-அமீன்’ என்று அழைத்ததும் அதே சொல்லால்தான். ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகத்துக்கு அரபில் ‘அல்-அமீன் அல்-ஆம்’ என்று பெயர். செயலாளர் என்றால் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர் நினைவுக்கு வருகிறார், அரபு அவரைப் பொதுவான அமானிதக்காரர் என்கிறது.

இறைவன் மேல் பொறுப்பைச் சாட்டுவது ‘தவக்குல்’. அது பிரதிநிதியைக் குறிக்கும் ‘வகீல்’ என்ற சொல்லின் வேர். ஐக்கிய நாடுகளின் ‘ட்ரஸ்டீஷிப்’ சபைக்கு ‘விஸாயா’ என்ற சொல், அது பாதுகாவலர் உரிமை. பல்கலைக்கழகங்களை நடத்தும் ‘ட்ரஸ்டி’ சபை ‘மஜ்லிஸ் அல்-உமனா’, அமீன்களின் சபை. அமெரிக்காவில் 1890இல் ஷேர்மன் சட்டம் எந்த ‘ட்ரஸ்ட்’டுகளை உடைக்க வந்ததோ, அந்த ‘ட்ரஸ்ட்’ அரபில் ‘இஹ்திகார்’. அதாவது ஏகபோகம், பதுக்கல். நம்பிக்கையில் தொடங்கிய ஆங்கிலச் சொல் பதுக்கல் வரைக்கும் போயிருக்கிறது. இதில் எந்த ஒன்றையும் மற்றதன் இடத்தில் வைக்க முடியாது.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. இந்தப் பிரிவுகளை எங்கள் கரையின் முஸ்லிம் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிற ஒருவர் பக்கத்து வீட்டில் நகைப் பொட்டலத்தைக் கொடுத்து “இத அமானிதமா வெச்சிரிங்க” என்பார். அங்கே யாரும் ‘நம்பிக்கையாக வைத்திருங்கள்’ என்று சொல்வதில்லை. ஆளைப் பற்றி என்றால் “அவர் நம்பிக்கையான ஆள்” என்பார்கள். மார்க்கத்துக்கு ‘ஈமான்’, இறைவன் மேல் பாரம் சாட்ட ‘தவக்குல்’. கல்முனைச் சந்தையில் மீன் விற்கும் ஒரு காக்காவுக்குத் தெரிந்த இந்த வேறுபாடு அந்தக் கொம்பியூட்டர் பிரதியில் இல்லை. என் தமிழிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் ‘நம்பிக்கை’ ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டு இழுக்கிறோம். ‘அடைக்கலப் பொருள்’ என்று ஓர் அருமையான சொல் இருந்தது, பேச்சில் அதை விட்டுவிட்டோம். ‘நம்பு’ என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் நசை, அதாவது விருப்பம் என்று பொருள் சொல்கிறது. விரும்புவதில் இருந்து நம்புவதுக்கு வந்த சொல்லைக் காணிச் சட்டத்துக்கும் கொண்டுபோனால் அது பாவம் எவ்வளவைத்தான் சுமக்கும்?

வக்பு

மௌலவி முதல் பிரதியை ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஒன்று எழுதினார். இரண்டு நாளில் முடித்துவிட்டார். அழகான அரபு. முப்பத்தொரு இடத்தில் பெரும்பாலானவற்றில் ‘வக்பு’, அதாவது மார்க்கப்படி தருமத்துக்கு விட்ட சொத்து, என்று வந்திருந்தது.

“வக்பு எண்டு போட்டா அங்க எல்லாருக்கும் விளங்கும் ரீச்சர். நம்மட நாட்டுச் சட்டத்துட பேரே அப்பிடித்தானே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே ‘முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள்’ சட்டம்தான். அந்த ‘அல்லது’ இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தை ‘நம்பிக்கையாளர் சபை’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பார்ப்பதற்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன: கொடுக்கிறவர் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் ஒருவர். ஆங்கில ‘ட்ரஸ்ட்’ வக்பைப் பார்த்துத்தான் வந்தது என்று வாதிடும் சட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு.

நானும் முதல் வாசிப்பில் தலையாட்டிவிட்டேன். இரவு உறுதியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது பதினேழாவது பந்தியில் கண் நின்றது. இருபது வருடத்துக்குப் பிறகு பேத்தி. காலையில் காத்தான்குடிக்குப் போன் எடுத்தேன்.

“மௌலவி, வக்பு செஞ்ச காணி இருபது வருசத்தால திரும்பி வருமா?”

மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், “வராது ரீச்சர். நான் அந்தப் பந்திய அரபுல எழுதிக்கிட்டே யோசிக்காம விட்டுட்டன்.”

அன்று பின்னேரம் அவர் எனக்கு விளக்கிய விதம் மறக்காது. கைபரில் தனக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் அவர்கள் கேட்டபோது, அடிச் சொத்தை நிறுத்தி வைத்துப் பலனைத் தருமம் செய்யும்படி நபியவர்கள் சொன்னார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுக்குப் போகாது. ‘வக்பு’ என்ற சொல்லுக்கே நிறுத்துதல் என்றுதான் பொருள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வக்பு செய்த பொருளின் உடைமை அல்லாஹ்வுக்குப் போகிறது, காலக்கெடு போட்ட வக்பு செல்லாது. காலக்கெடுவை அனுமதிப்பது மாலிகி மத்ஹப். இன்னொரு பாரதூரமான விசயமும் அவர் சொன்னார். ‘வக்பு செய்தேன்’ என்பது வெளிப்படையான சொல், அதைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது. அப்படியான ஒரு சொல்லை மொழிபெயர்ப்புக்காக ஹாஜியாரின் வாயில் போட எங்களுக்கு என்ன உரிமை?

அரபுப் பிரதி இங்கே சட்டப்படி மூலம் இல்லை, மூலம் ஆங்கில உறுதிதானே என்று யாரும் கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் அங்கே பணம் தருகிறவர்கள் அரபைத்தான் வாசிப்பார்கள். வக்புக்குத் தருகிறோம் என்ற நிய்யத்தோடு, அந்த எண்ணத்தோடு, தருவார்கள். இருபது வருடம் கழித்து அந்த வளவில் பேத்தி வீடு கட்டிக் குடியேறும்போது, வக்புக் காணியைக் குடும்பம் எடுத்துக்கொண்டது என்று ஒரு பேச்சு வரும். அப்போது ஹாஜியார் உயிரோடு இருப்பாரோ தெரியாது. அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்க வேண்டி வரும். பதினேழாவது பந்தி சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டிருந்தாலும், தலைப்பில் வக்பு என்று இருந்தால் வாசிக்கிறவர் தலைப்பைத்தான் நினைவில் வைப்பார்.

அமானாவும் போதவில்லை

சரி, அப்படியென்றால் ‘அமானா’ என்றே போட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். குர்ஆனில் நான்காம் அத்தியாயம் 58ஆம் வசனம், அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி கட்டளையிடுகிறது. கேட்பவர் மனத்தில் கடமையின் பாரம் தானாக வந்து உட்காரும்.

மௌலவி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்ன காரணம் சரியானது. நகையை அமானிதமாக வைத்தால் நகை கொடுத்தவருடையதுதான். வைத்திருப்பவர் காவல் மட்டும். கொடுத்தவர் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் மௌத்தாகிவிட்டால் அது வாரிசுகளிடம் போக வேண்டும். ‘ட்ரஸ்ட்’ அப்படி இல்லை. எங்கள் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதை ‘சொத்தின் உடைமையோடு இணைக்கப்பட்ட கடப்பாடு’ என்கிறது. உடைமையே கைமாறிவிடுகிறது. ஐந்து பேரும் சட்டத்தின் கண்ணில் காணிச் சொந்தக்காரர்கள், ஆனால் பலன் அவர்களுக்கு இல்லை. சொந்தமும் பலனும் இப்படிப் பிரிந்து நிற்பதுதான் ஆங்கிலச் சட்டத்தின் வினோதம். மத்தியகால இங்கிலாந்தில் ஒருவர் தன் நிலத்தை நண்பரின் பெயருக்கு எழுதி, ‘என் பெண்சாதி பிள்ளைகளுக்காக வைத்திரு’ என்று சொல்லிவிட்டுப் போவார். பொதுச் சட்ட நீதிமன்றம் நண்பரைச் சொந்தக்காரர் என்றது. மனச்சாட்சியைப் பார்த்து அவரைக் கட்டுப்படுத்தியது சான்சரி நீதிமன்றம். இரண்டு நீதிமன்றங்களுக்கு இடையில் பிறந்த பிள்ளை இந்த ‘ட்ரஸ்ட்’.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார் சொன்னார், “இது நம்மட ஊருல நடக்கிறதுதானே. வெளிநாட்டுக்குப் போனவன் காசு அனுப்புவான், காணி தம்பிட பேருல எழுதிக் கிடக்கும். மறுகா வந்து கேட்டா சண்ட.” அவர் சொன்ன அதே நிலைமைக்கு அந்தச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இருக்கிறது: ஒருவர் பணம் கொடுத்து, உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தால், அந்த இன்னொருவர் அதைப் பணம் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்று சட்டம் பார்க்கும், அன்பளிப்பாகக் கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று தெரிந்தால். கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் தெரியாமலே ‘ட்ரஸ்ட்’ நடக்கிறது என்று சொன்னேன். அவர் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

உஹ்தா

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்திருக்கின்றன என்று தேடினோம். ‘ட்ரஸ்ட்’ தெரியாத சட்ட மரபுகள் அதை அங்கீகரிப்பதற்காகவே 1985இல் ஹேக் நகரில் ஒரு சமவாயம் எழுதப்பட்டது. ஆகவே இது எங்கள் ஒருவருடைய தலையிடி இல்லை. ஐக்கிய நாடுகளின் அரபில் ‘ட்ரஸ்ட்’ நிதியத்துக்கு ‘ஸுந்தூக் இஸ்திஃமானி’ என்று சொல்கிறார்கள், அதுவும் அ-ம-ன வேர்தான். எங்களுக்கு வழி காட்டியது பஹ்ரைன். அங்கே 2016இல் வந்த ‘ட்ரஸ்ட்’ சட்டத்துக்கு அரபில் ‘அல்-உஹத் அல்-மாலிய்யா’ என்று பெயர். ஒருமையில் ‘உஹ்தா’. பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லலாம்.

மௌலவிக்கு அந்தச் சொல் புத்தகத்தில் தெரியும், ஆனால் இந்த அர்த்தத்தில் பழக்கம் இல்லை. “இது அங்க உள்ள சனத்துக்கு விளங்குமா?” என்று சந்தேகப்பட்டார்.

பதில் சொன்னவர் ஹாஜியார். “உஹ்தாவா? எனக்குத் தெரியாதா! வண்டிய, சாவிய, பெற்றோல் காசையெல்லாம் என்ட உஹ்தாவுல எண்டு சைன் வாங்கித்தான் தருவாங்க. லீவுல வரக்குள்ள உஹ்தாவ ஒப்படச்சாத்தான் பாஸ்போட்.”

இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய மனிதரிடம் அந்தச் சொல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அகராதியும் சட்டமும் புரட்டிக்கொண்டிருந்தோம், அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் பேசும் அரபு மத்ரஸா அரபு இல்லை என்பதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம். அது வேலை செய்து, கையெழுத்துப் போட்டு, சம்பளம் வெட்டுப்பட்டுக் கற்ற மொழி.

ஆனாலும் வண்டிச் சாவி உஹ்தாவும் காணி உஹ்தாவும் ஒன்று இல்லை. சாவியின் சொந்தக்காரர் முதலாளிதான். ஆகவே அந்தச் சொல்லைத் தனியாக விடாமல் ‘உஹ்தா இஸ்திஃமானிய்யா’ என்று அடை சேர்த்து, பக்கத்தில் அடைப்புக்குள் அரபு எழுத்தில் ‘திரஸ்த்’ என்றும் போட்டோம். வழக்கறிஞருக்கு அந்த ஆங்கிலச் சொல் கட்டாயம் தெரிந்திருக்கும். உருவாக்கியவர் ‘முன்ஷிஃ’. பொறுப்பாளர் ‘அமீன்’, ஐந்து பேரும் ‘உமனா’. பலன் பெறுபவர் ‘முஸ்தஃபீத்’. ‘உருவாக்குபவர் மேற்படி ஐவரின் நேர்மையில் நம்பிக்கை கொண்டு’ என்று முகப்பில் ஒரு வசனம் வருகிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘ஸிக்கா’ நின்றது. முப்பத்தொன்றில் ஒன்று.

பொறுப்பாளர் என்ற சொல்லுக்காக ஒரு கிளைப் பேச்சும் நடந்தது. மட்டக்களப்புக் கோயில்களில் அந்த இடத்தில் இருப்பவர் வண்ணக்கர். இந்தக் கரையின் பழைய பள்ளிவாசல்களில் அந்த இடத்தில் மரைக்கார். இரண்டும் குடிவழியாக வரும் பொறுப்பு. பள்ளி, கோயில் இரண்டிலும் சொத்து ஆளுடையது இல்லை, ஆனால் கணக்குக் கேட்டால் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். அரபுக்கு இதெல்லாம் உதவாது. என்றாலும் ஐந்து பேருக்கும் தமிழில் விளக்கும்போது “நீங்க இந்த வளவுக்கு மரைக்கார் மாதிரி” என்று சொன்னவுடன் விசயம் பிடிபட்டுவிட்டது.

கியானத்

இன்னும் ஓர் இடம். பதினான்காவது பந்தி, ‘பிரீச் ஒஃப் ட்ரஸ்ட்’ செய்தால் பொறுப்பாளரை நீக்கலாம் என்கிறது. மௌலவி முதலில் ‘கியானத் அல்-அமானா’, அமானிதத்துக்குச் செய்யும் துரோகம், என்று எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அரபு நாடுகளின் தண்டனைச் சட்டங்களில் அது ஒரு குற்றத்தின் பெயர். எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் 388ஆம் பிரிவு சொல்வதும், பத்திரிகைகளில் ‘நம்பிக்கை மோசடி’ என்று வருவதும் அந்த வகைதான். இந்த உறுதியில் சொல்வது அதைவிட மிக அகலமானது. வருடக் கணக்கைப் பிந்திக் கொடுத்தாலும், கூட்டத்துக்கு வராமல் விட்டாலும் அது கடமை மீறல்தான், மோசடி இல்லை.

ஐவரில் ஒருவர் ஓய்வு பெற்ற அதிபர். வரைவைக் காட்டியபோது அந்தச் சொல்லில் விரலை வைத்தார். “கியானத்து எண்டு என்ட பேரு இருக்கிற தாள்ல எழுதினா நான் சைன் வெக்க மாட்டன்.” கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அந்தச் சொல் எங்கள் முஸ்லிம் தமிழிலும் அதே கனத்தோடு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ‘அமீனின் கடமைகளில் தவறுதல்’ என்ற பொருளில் ‘இக்லால் பி வாஜிபாத் அல்-அமீன்’ என்று மாற்றினோம்.

முகப்புக் குறிப்பு

கடைசியாக நாங்கள் அனுப்பிய பிரதியின் முதல் பக்கத்தில் எட்டு வரியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒன்று போட்டோம். மொழிபெயர்ப்பாளர் உறுதிக்குள் பேசக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். உள்ளே பேசக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். முகப்பில், தன் பெயரைப் போட்டு, இது மூலத்தின் பகுதி இல்லை என்று சொல்லிப் பேசலாம், சில சமயம் பேசியே ஆக வேண்டும். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: இது இலங்கைச் சட்டத்தின் கீழான ஓர் ஏற்பாடு. காணியின் உடைமை ஐந்து அமீன்களுக்கு மாறுகிறது, ஆனால் அவர்கள் அதன் பலனை அனுபவிக்க முடியாது. பலன் குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு. காலம் இருபது வருடம். அதன் பிறகு உடைமை உருவாக்கியவரின் பேத்திக்குச் செல்லும். இது வக்பு அல்ல, வதீஆ (காவலுக்குக் கொடுத்து வைக்கும் பொருள்) அல்ல. ‘உஹ்தா இஸ்திஃமானிய்யா’ என்ற தொடரை இந்தப் பொருளில் மட்டும் வாசிக்கவும்.

‘இது வக்பு அல்ல’ என்ற வரியை வைப்பதா விடுவதா என்று ஹாஜியாரிடம் கேட்டோம். அந்த வரியைப் பார்த்தால் அவர்கள் பணம் தராமலும் விடலாம். அவர் யோசிக்கவே இல்லை. “வைங்க ரீச்சர். தெரிஞ்சுக்கிட்டுத் தரட்டும். தராட்டியும் பரவால்ல, கூரை மெதுவாப் போடலாம்.”

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வழக்கறிஞரிடம் இருந்து செய்தி வந்தது. ஏற்பாடு விளங்கியது, கூரைக்கும் மெஷினுக்கும் தருகிறோம், மெஷின்கள் இருபது வருடத்துக்குப் பிறகு காணியோடு போகாமல் வேறொரு தருமத்துக்குப் போகும்படி ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நொத்தாரிசு அதற்குத் தனியாக ஓர் இணைப்பு எழுதித் தந்தார்.

அதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள். பேத்தியின் பெயர் உறுதியில் ஒரு மாதிரியும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கிறதாம், அரபில் எதைப் போடுவது என்று. பெயரில் வருவது குறிலா நெடிலா, ‘ஹ’ எந்த ‘ஹ’ என்று அறிய அவளுடைய உம்மாவிடமே போனில் கேட்டு, மௌலவி இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார். ஹாஜியார் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பிறப்புப் பத்திரத்தின் மூலத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.